நீர்வழி திறந்தால் மரம் வளரும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாகும் எனும் நபிமொழியை நாம் அறிவோம். அந்த நன்மையை நாடி முன்னொரு மழைக்காலத்தில் நமது மையவாடியில் கன்றுகள் நட்டோம். நிழற்படமும் எடுத்தோம். அடுத்த கோடையில் அவற்றுள் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஆடு மேய்ந்தது என்றனர் சிலர். பராமரிப்பு இல்லை என்றனர் சிலர். உண்மைக் காரணத்தை நாம் ஆராயவில்லை. அந்தப் பாடத்தை நமக்குக் கற்பிக்கச் சிதம்பரத்தின் அருகிலேயே ஒரு காடு இருக்கிறது. அதுவே பிச்சாவரம்.

வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையே, எண்ணற்ற வாய்க்கால்களாலும் சிறு திட்டுகளாலும் ஆன காடு அது. சுரபுன்னையும் கண்டலும் தில்லையும் அங்கே வளர்கின்றன. சிதம்பரத்தின் பழம்பெயரான தில்லை, அந்த மரத்தின் பெயரால் வந்ததே. கூழைக்கடாவும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அங்கே இரை தேடுகின்றன. இறாலும் நண்டும் மடவையும் குஞ்சாக இருக்கும்போது அந்த வேர்களின் இடையில்தான் ஒளிந்து வளர்கின்றன. நம் பகுதி மீனவர் வலையில் விழும் மீனுக்கும் அக்காட்டுக்கும் உள்ள உறவு இதுவே.

ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி விடுதலைக்குப் பின்னரும் சில பத்தாண்டுகள், அக்காடு பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டு வந்தது. வெட்டிய இடத்தில் மரம் தானே முளைக்கும் என்று எண்ணினர், முளைக்கவில்லை. கால்நடை மேய்ப்போர் மீதும் விறகு வெட்டும் ஏழைகள் மீதும் பழி விழுந்தது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தபோது வேறு காரணம் வெளிப்பட்டது. மரநிழல் நீங்கியதும் சேற்று மண் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து, நடுவில் தட்டுப்போல் குழிந்துவிட்டது. ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தில் வடிய வழியின்றித் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் மிகுந்தது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை.

ஆகவே கன்று நடுவதற்கு முன் அவர்கள் வாய்க்கால் வெட்டினர். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் மீன்முள்ளைப்போல் கிளை வாய்க்கால்கள். வனத்துறையும் சுற்றுவட்டாரக் கிராம மக்களும் கைகோத்தனர். நீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. அதன் பிறகே கன்றுகள் நடப்பட்டன, அவை வேர்பிடித்தன. 1986ஆம் ஆண்டை விட 2002இல் காட்டின் பரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு கூடியிருந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. துண்டுபட்டுக் கிடந்த திட்டுகள் மீண்டும் பசுமையால் இணைந்தன. 2022இல் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

26.12.2004 அன்று சுனாமி வந்ததை நாம் மறக்க முடியாது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவளித்து உதவியது நம் சமுதாயம் பெருமைப்படத்தக்கது. கடலூர்க் கடற்கரையில் மரங்களின் பின்னே இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவு என 2005இல் வெளிவந்த ஆய்வுகள் கூறின. கடலிலிருந்து உள்ள தொலைவும் தரையின் உயரமும் காரணம் என வேறு அறிஞர்கள் மறுத்தனர். காடு எல்லா அலையையும் தடுத்துவிடும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கரையைப் பிடித்து நிறுத்தி, மீனை வளர்த்து, பறவைக்கு இடமளிக்கும் காட்டுக்கு வேறு சான்று எதற்கு?

பிச்சாவரத்துக் கண்டலை நாம் மையவாடியில் நட முடியாது. அங்கே கையாண்ட முறையையோ கையாள முடியும். நமது மையவாடியின் பள்ளத்தில் மழைநீர் தேங்குகிறது. வடிகாலைக் கட்டட இடிபாடு அடைத்திருக்கிறது. மேட்டில் சீமைக்கருவேலம் படர்ந்திருக்கிறது. கன்றுகள் பட்டது இவற்றால்தானோ என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டக் கிராமங்களில் கோயில் காடுகளாக எஞ்சியுள்ளவை இம்மண்ணின் பழைய காட்டின் மிச்சங்கள். அவற்றைக் காத்துவரும் சகோதர சமயத்தாருக்கு நாம் நன்றியுடையோம். ஒரு தோப்புக்கும் மறு தோப்புக்கும் இடையே நமது மையவாடியும் குளக்கரையும் பசுமையானால், பறவையும் தேனீயும் தங்கிச் செல்ல இடம் கிடைக்கும். அவை விதையையும் மகரந்தத்தையும் சுமந்து செல்லும்.

ஆகவே நிர்வாகக் குழுவின் சார்பில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, மழைக்கு முன் வடிகாலைத் திறந்து, கபுருகளுக்கு இடையூறின்றிச் சீமைக்கருவேலத்தை அகற்றுவது. இரண்டாவது, புங்கன், நாவல், பூவரசு, இலுப்பை போன்ற நம் மண்ணின் மரங்களையே நடுவது. மூன்றாவது, ஒவ்வொரு தெருவின் இளைஞர்களும் தம் கன்றுகளை மூன்று கோடைகள் காப்பது. பிச்சாவரத்து வாய்க்கால்களும் தூர்ந்து போகின்றன. அவற்றை மீண்டும் மீண்டும் தூர்வார வேண்டியிருக்கிறது. நட்ட நாளின் நிழற்படத்தை விட, மூன்றாம் கோடையின் நிழற்படமே அடுத்த மலரில் இடம்பெற வேண்டும்.

நமக்குப் பின் நம்மை அடக்கம் செய்ய வருவோர் நிழலில் நிற்கட்டும். அது நமக்கு நிலையான தர்மமாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.