கறுப்புச் சாக்லேட் மருந்தாகுமா?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



நோயாளிகளைச் சந்திக்க நாங்கள் வார்டுகளுக்குச் செல்லும்போது, "ஐயா, கறுப்புச் சாக்லேட் இருதயத்துக்கு நல்லதாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். "அப்படியானால் பிரஷர் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?" என்பது அடுத்த கேள்வி. அந்த இரண்டாவது கேள்விக்காகவே இன்று இதைப் பேசுகிறோம்.

சாக்லேட்டுக்கும் சபை மக்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1824-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் கடை திறந்த ஜான் கேட்பரி, குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். ஜனங்கள் மதுபானத்தை விட்டுத் தேநீர், காப்பி, கொக்கோ பானங்களைக் குடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

கொக்கோ விதையில் ஃபிளவனால் என்னும் சத்துகள் உள்ளன. இவை இரத்தக் குழாய்களைச் சற்றுத் தளரச் செய்கின்றன. 2017-ல் வெளியான கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 35 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. இரத்த அழுத்தம் குறைந்தது மெய்தான். ஆனால் சராசரியாக 2 புள்ளிகூடக் குறையவில்லை.

2022-ல் அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியோரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. கொக்கோச் சத்தை உட்கொண்டவர்களில் இருதய நோயால் இறந்தோர் குறைவாக இருந்தனர். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை மொத்தத்தில் குறைந்தன என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேலும், அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது மாத்திரை, சாக்லேட் அல்ல.

கடையில் வாங்கும் சாக்லேட்டின் நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். கசப்பு நீங்கவும் நிறம் கூடவும் கொக்கோவைக் காரம் சேர்த்துப் பதப்படுத்துவதுண்டு. அதில் ஃபிளவனால் பெரும்பாலும் அழிந்துபோகிறது. 70 சதவீதக் கொக்கோ உள்ள சாக்லேட்டிலும் மீதியில் பெரும்பகுதி சர்க்கரையே. 100 கிராமில் ஏறக்குறைய 600 கலோரி இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் இதை மறக்கலாகாது. அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் அமைப்பு 2022-ல் சோதித்த 28 கறுப்புச் சாக்லேட்டுகளிலும் ஈயமும் காட்மியமும் காணப்பட்டன. ஆகவே சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினந்தோறும் கொடுப்பது நல்லதல்ல.

அப்படியானால் சாப்பிடவே கூடாதா? அப்படியல்ல. பிரியமானவர்கள் ஒரு சிறு துண்டை மகிழ்ச்சியோடு சாப்பிடலாம். அது தின்பண்டம், மருந்தல்ல. மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லவேண்டிய காரியம். உங்கள் வீட்டிலும் அயலிலும் உள்ள முதியோருக்கு இந்த ஒன்றை மட்டுமாவது தவறாமல் சொல்லும்படி உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.