ஓட்டலில் போன ஜாதி வீட்டு வாசலில் நிற்கிறது



சென்னைப் பட்டணத்து ஓட்டல்களையும், காய்கறி அங்காடியையும், அடுக்குமாடி வீடுகளையும் பற்றிப் பேசப் போகிறேன் என்றவுடன் சில தோழர்கள் சிரித்தார்கள். இதில் பேச என்ன இருக்கிறது என்றார்கள். ஜாதி சாஸ்திரப் புஸ்தகத்தில் மாத்திரமா இருக்கிறது? சாப்பிடுகிற இலையிலும், படுக்கிற வீட்டிலுந்தான் இருக்கிறது.

முதலில் ஓட்டலை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு காலத்தில் காப்பிக் கடைகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். ஆதித்திராவிடருக்கு இடமே இல்லை. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் இந்தப் பேதம் 1941ல் ஒழிந்தது. 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்த "பிராமணாள்" என்ற எழுத்தை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் சிறை சென்ற பிறகே எழுத்துப் போயிற்று. மவுண்ட் ரோட்டில் 1951ல் ஏற்பட்ட புகாரி ஓட்டலில் எல்லா ஜாதியாரும், எல்லா மதத்தாரும் பிரியாணி சாப்பிடுகிறார்கள். ஜாதி கெட்டதால் எவருக்காவது வயிறு வலித்ததுண்டா?

அங்காடியைப் பாருங்கள். கொத்தவால் சாவடி மொத்த வியாபாரம் 1996ல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. அங்கு வந்து இறங்கும் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் யாவும் ஆதியில் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தவை. திதியன்று ஆகாதென்று தள்ளிய உருளைக்கிழங்கையே மறுநாள் மசால் தோசையில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். மூட்டை இறக்கிய கை எந்த ஜாதிக் கை என்று கேட்பாருண்டா? கேட்டால் பட்டினிதான்!

இனி அடுக்குமாடி வீட்டுக்கு வாருங்கள். என் நண்பர் ஒருவர் ஆதித்திராவிடர். பிறந்தது முதல் மாமிசம் தொட்டதில்லை. அவருக்கு வீடு பார்க்க நானும் கூடப் போனேன். "சைவம்தானே சார்?" என்றார் வீட்டுக்காரர். "ஆமாம்" என்றார் நண்பர். பிறகு எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது என்றெல்லாம் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "நேற்றே ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார் சார்" என்றார். ஒரு மாதம் கழித்துப் போனேன். "வீடு வாடகைக்கு" என்ற பலகை அப்படியே தொங்கியது. ஆகவே விஷயம் சட்டியிலிருக்கும் கறியல்ல, சட்டிக்குடையவனின் ஜாதி!

"வீடு என்னுடையது, என் இஷ்டம்" என்கிறார்கள். "கடை என்னுடையது" என்றுதானே ஓட்டல்காரரும் அன்று சொன்னார்? 1950ல் வந்த அரசியல் சட்டத்தின் 15வது விதி, கடை, ஓட்டல், கிணறு, குளம், ரோடு இவற்றில் ஜாதியைச் சொல்லி எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்த ஜாபிதாவில் வாடகை வீடு என்ற சொல் இல்லை. அந்தச் சந்தில்தான் ஜாதி ஒளிந்திருக்கிறது. அந்த வீட்டுக்குச் செங்கல் அறுத்தவரையும், சாந்து சுமந்தவரையும் குலதெய்வம் எதுவென்று கேட்டார்களா?

இதைப் பார்ப்பனர் மாத்திரம் செய்வதாக எண்ணி நாம் திருப்தியடைய வேண்டாம். அன்று நண்பரைத் திருப்பியனுப்பியவர் பார்ப்பனரல்ல, நம்மவர்தான்! ஆதலால் தோழர்களே, உங்களில் வாடகைக்கு விட ஒரு அறை வைத்திருப்பவர்கள்கூட, வாடகை கொடுப்பாரா, வீட்டைச் சுத்தமாய் வைத்திருப்பாரா என்ற இரண்டை மாத்திரம் கேளுங்கள். மூன்றாவது கேள்வி வாயில் வந்தால், முரளி கபே பலகையை உங்கள் வாசலில் மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம் எனக் கூறி முடித்துக் கொள்ளுகிறேன்.