கேட்கக் கற்றுக்கொடுப்போம்

(நம் சங்கத்தின் தாராவிக் கிளை கூட்டிய பெற்றோர் கூட்டத்தில், ரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் கிளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வாரத்தில் ஓய்வு கிடைக்கும் ஒரே நாளை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். தண்ணீர்க் குழாய், ரேஷன் கார்டு, குடிசை இடிப்பு என்று பேசத்தான் நான் இந்த மேடையில் ஏறுவது வழக்கம். இன்றைய பொருள் வேறு. நம் வீட்டு வளரிளம் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாகப் பழகும்போது எப்படிப் பழக வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதையெல்லாம் சங்கத்தில் பேசலாமா தம்பி?" என்று இரண்டு பெரியவர்கள் என்னிடம் கேட்டார்கள். பேசாமல் விட்டதால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பகுதியில் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு பையன் பின்னாலேயே வந்தான். "எனக்கு இஷ்டமில்லை" என்று அவள் நேராகவே சொன்னாள். அவன் விடவில்லை. மூன்று மாதம் மனத்துக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு, அம்மாவிடம் சொன்னாள். வீட்டில் என்ன செய்தார்கள்? பையனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஊருக்கு அனுப்பி, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். சங்கத்துத் தாய்மார்கள் நான்கு முறை வீடு ஏறிப் பேசிய பிறகுதான் அவள் திரும்பி வந்தாள். ஒரு வருடப் படிப்பு போயிற்று. குற்றம் செய்தவன் தெருவில் நிற்கிறான். உண்மையைச் சொன்னவள் தண்டனை அனுபவித்தாள். இதைப் பார்த்த மற்றப் பெண் பிள்ளைகள் என்ன பாடம் படித்திருப்பார்கள்? "வீட்டில் சொன்னால் நமக்குத்தான் ஆபத்து" என்ற பாடத்தைத்தானே?

அந்தப் பையனை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் இறங்கிவிட முடியாது. எனக்கு இருபது வயது இருக்கும்போது, ரயில்வே வேலை கிடைப்பதற்கு முன், தோல் பட்டறையில் இருந்தேன். சயான் ஸ்டேஷனில் தினமும் காலை ஒரு பெண் வண்டி ஏறுவாள். எட்டு மாதம் அவள் பின்னால் போனேன். ஒரு நாள் திரும்பி நின்று, "ஏன் இப்படி வருகிறீர்கள்? வராதீர்கள்" என்றாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பேசிவிட்டாள், இனி மெல்ல மனம் மாறுவாள் என்று நினைத்தேன். நான் பார்த்த படங்களிலெல்லாம் அப்படித்தானே நடந்தது! கதாநாயகன் துரத்துவான், அவள் திட்டுவாள், பாட்டு முடிவதற்குள் சிரித்துவிடுவாள். பிறகு அந்தப் பெண் ஸ்டேஷனுக்கு வருவது நின்றுபோயிற்று.

பல ஆண்டுகள் கழித்து அவளுடைய அண்ணன் நம் சங்கத்துக்கு வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "யாரோ ஒருத்தன் ஸ்டேஷனில் தொந்தரவு செய்கிறான் என்று என் தங்கை கம்ப்யூட்டர் வகுப்பையே விட்டுவிட்டாள்." அந்த யாரோ ஒருத்தன் நான்தான், தோழர்களே. அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று உங்கள் முன் சொல்கிறேன். நான் ரவுடி இல்லை. குடித்ததில்லை. அது காதல் என்றே மனதார நம்பினேன். எனக்கு ஒருவரும் வேறு விதமாகச் சொல்லித் தரவில்லை.

இந்த நினைப்பு முற்றினால் எங்கே போய் முடியும்? 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில், ஒரு கல்லூரி மாணவியை, தன்னை மறுத்தாள் என்பதற்காக, ஒருவன் ஓடி வந்த ரயில் முன் தள்ளிக் கொன்றான். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. பிளாட்பாரத்தில் வேலை செய்கிறவன் நான். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தமிழில் 'கேட்பது' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வாயால் வினவுவதும் கேட்பது; காது கொடுப்பதும் கேட்பது. சம்மதம் என்பது இந்த இரண்டும் சேர்ந்தது. ஒருவரிடம் கேட்க வேண்டும். அவர் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும். நம் பையன்களுக்கு முதலாவதைக்கூட நாம் சொல்லித் தரவில்லை. இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஏன் சொல்லித் தரவில்லை? நம் வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை என்பதுதான் உண்மை. மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கிறோம், சாதியைக் கேட்கிறோம், ஜாதகத்தைக் கேட்கிறோம். மகளைக் கேட்கிறோமா? அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்காததைப் பார்த்து வளர்கிற தம்பி, நாளை இன்னொரு வீட்டுப் பெண்ணை மட்டும் எப்படிக் கேட்பான்?

இது புதிய பேச்சும் இல்லை. நாம் குடியிருக்கும் இந்த பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண்ணுக்குப் பதினொரு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். வளர்ந்த பின் அவர் கணவனோடு வாழ மறுத்தார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1887இல், "கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை" என்றது தீர்ப்பு. சிறைக்குப் போகத் தயார் என்றார் அந்தப் பெண்! 1888இல் சமரசம் ஏற்பட்டது. பிறகு லண்டனில் மருத்துவம் படித்து, டாக்டராகத் திரும்பி வந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். நம் ஊர்ப் பக்கம் 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டு ஏறத்தாழ நூறு ஆண்டாகிறது. நம் வீட்டுக்குள் அது இன்னும் வரவில்லை.

இனி, பிள்ளைகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு வருகிறேன். அப்பாக்கள் மகனிடம் சொல்லுங்கள்: "தம்பி, ஒரு பெண் பேசாமல் இருந்தால் அது சம்மதம் ஆகாது. பயத்திலும் பேச்சு வராது. பேசச் சம்மதித்தாள் என்றால் தொடச் சம்மதித்தாள் என்று பொருளில்லை. நேற்றுச் சரி என்றவள் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கையை அறுத்துக்கொள்வேன், மருந்து குடிப்பேன் என்று மிரட்டி வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. மறுத்தால் வருத்தமாக இருக்கும். அழுகை வந்தால் அழு, என்னிடம் வந்து சொல். அது உனக்கு அவமானம் இல்லை." இதை மகனிடம் உட்கார்ந்து சொல்கிற அப்பா, அவனுக்குப் பெரிய சொத்து வைத்துவிட்டுப் போகிறார் என்பேன்.

அம்மாக்கள் மகளிடம் சொல்லுங்கள்: "வேண்டாம் என்று சொல்வதற்கு நீ காரணம் காட்ட வேண்டியதில்லை. போனைப் பிடுங்கிப் பார்க்கிறவன், பாஸ்வேர்டு கேட்கிறவன், யாரோடு பேசினாய் என்று கணக்குக் கேட்கிறவன், இந்த உடை போடாதே என்று அதட்டுகிறவன் அன்பு காட்டவில்லை, அதிகாரம் செய்கிறான். படத்தை வெளியே விடுவேன் என்று எவனாவது மிரட்டினால் அன்றைக்கே என்னிடம் வா. உன்னை அடிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்." இந்தக் கடைசி இரண்டு வாக்கும் காப்பாற்றப்பட வேண்டும். காப்பாற்றாவிட்டால் முன்னால் சொன்ன எதற்கும் மதிப்பில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2012இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரும் குழந்தைகள், ஆண் பிள்ளைகளும்தான். பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் சிறுவனை ஒருவன் தொந்தரவு செய்தாலும் இதே சட்டம் பாயும். 18க்குக் கீழ்ப்பட்டவர் விரும்பிச் சம்மதித்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. 19 வயதுப் பையனும் 17 வயதுப் பெண்ணும் விருப்பத்தோடு உறவு கொண்டாலும் பையன் ஜெயிலுக்குப் போக நேரிடும். இதை நம் பையன்கள் அறியாமல் இருப்பது ஆபத்து. அதே சமயம், பையன் வேறு சாதி என்பதற்காகப் பெற்றோரே இந்தச் சட்டத்தை ஆயுதமாக எடுப்பதும் நடக்கிறது. இரு தரப்பும் விரும்பிய வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பதற்காக வந்த சட்டம் இது இல்லை என்று 2021இல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. குழந்தையைக் காக்க வந்த சட்டத்தைச் சாதி காக்கப் பயன்படுத்தாதீர்கள்.

வேண்டாம் என்ற பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் அது இருக்கிறது. முதல் முறையே மூன்றாண்டு வரை சிறை உண்டு. உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

"மராத்தி தெரியாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் என்ன பேசுவது?" என்று கேட்பீர்கள். போக்சோ வழக்கில் குழந்தைக்குப் புரியாத மொழியில் எழுதினால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் எடுக்க வேண்டும். எடுக்கும் போலீஸார் சீருடையில் இருக்கக் கூடாது. இவற்றைக் கேட்டுப் பெறுங்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் சங்கம் வரும். அவசரத்துக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து வையுங்கள்.

முடிவாக ஒன்று. சின்னக் குழந்தையிலிருந்தே தொடங்குங்கள். மாமா முத்தம் கேட்கிறார், குழந்தை மாட்டேன் என்கிறது. "பெரியவரை அவமதிக்காதே" என்று தள்ளிவிடாதீர்கள். அது சொல்லும் முதல் 'வேண்டாம்' அதுதான். வீட்டில் மதிக்கப்பட்ட 'வேண்டாம்'தான் நாளை வெளியில் துணிந்து ஒலிக்கும். அப்படி வளர்ந்த பையனுக்கு அடுத்தவர் சொல்லும் 'வேண்டாம்' காதில் விழும்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தோம். பிள்ளைகள் நன்றாக வாழ வேண்டும் என்றுதான் இந்தப் பத்தடி அறைகளில் கிடக்கிறோம். நான் இருபது வயதில் செய்த தவறை உங்கள் மகன் செய்யக் கூடாது. அந்தப் பெண் இழந்த படிப்பை உங்கள் மகள் இழக்கக் கூடாது. இன்றிரவு சாப்பிட உட்காரும்போது பேச்சைத் தொடங்குங்கள். வெட்கமாக இருந்தால் என் கதையைச் சொல்லித் தொடங்குங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.