தாமதமே கூற்றுவன்

(மாத்தளையில் மார்பகப் புற்றுநோய் குறித்து ஆற்றிய உரை)



உரிமை பற்றிப் பேசவே நாம் மேடையேறுவது வழக்கம். இன்றும் உரிமை பற்றியே பேச வந்துள்ளோம். ஆயின் இது உயிரோடு ஒட்டிய உரிமை.

இலங்கைப் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் முதலிடத்தில் நிற்பது மார்பகப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர். தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சை பெறுவோருட் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அவ்வாறிருக்க, நம் தாய்மார் பலர் காலங்கடந்து வைத்தியசாலை வாயிலை மிதிப்பது ஏன்?

முதற் காரணம், இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. இரண்டாவது காரணம் நாணம். மூன்றாவது கூலி. எல்கடுவையிலோ இறத்தோட்டையிலோ மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண் ஒரு நாள் மாத்தளை வைத்தியசாலைக்குச் சென்றால், அன்றைய பேரும் போயிற்று, பஸ் கட்டணமும் போயிற்று. அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமே. ஆயின் அங்கே சென்றடைவது இலவசமன்று.

தாய்மார்களே, மாதந்தோறும் விலக்கு முடிந்த சில நாட்களில் உங்கள் மார்பையும் அக்குளையும் கண்ணாற் பார்த்துக் கையால் தடவி அறியுங்கள். விலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொள்ளுங்கள். புதிய கட்டி, தோற் குழிவு, தோடம்பழத் தோல்போன்ற தடிப்பு, உள்ளிழுத்த காம்பு, காம்பில் இரத்தக் கசிவு: இவற்றுள் ஒன்று கண்டாலும் காத்திராதீர். கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. அதனைச் சொல்ல வேண்டியவர் வைத்தியரேயன்றி அயல்வீட்டாரல்லர். இது தொற்றுநோயுமன்று, சாபமுமன்று.

‘சுவநாரி’ எனப்படும் பெண்கள் நலச் சிகிச்சை நிலையங்கள் 1996 முதல் இந்நாட்டில் இயங்கி வருகின்றன. 35 வயதெய்திய பெண்கள் அங்கே மார்பகப் பரிசோதனை பெறலாம். உங்கள் பகுதி மருத்துவிச்சியிடம் நாளும் இடமும் கேட்டறியுங்கள்.

அங்கே மொழி தடையாயின் அதற்கும் சட்டம் உண்டு. 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அரச அலுவலருடன் தமிழிற் கருமமாற்றும் உரிமையை நமக்கு அளித்துள்ளது. நோயைத் தன் தாய்மொழியிற் சொல்ல இயலாத பெண், பாதி நோயை மறைத்தவளாகவே திரும்புவாள்.

ஆகவே நாம் கோருவன மூன்று. பரிசோதனைக்குச் செல்லும் நாளில் தோட்டப் பெண்ணுக்கு முழுப்பேர் போடப்படல் வேண்டும். தமிழறிந்த மருத்துவிச்சியர் தோட்டந்தோறும் வருதல் வேண்டும். கட்டியென்று வந்தவளுக்கு 60 நாட்களுக்குள் நோய் உறுதி செய்யப்படல் வேண்டும்; இந்த 60 நாள் நாம் கற்பித்ததன்று, உலக சுகாதார அமைப்பு 2021இல் தொடங்கிய முயற்சியின் இலக்கு.

அரசாங்கத்தை மட்டும் கேட்டு அமைவது நேர்மையாகாது. மிளகும் நெல்லும் விளைவிக்கும் கமக்காரரே, உங்கள் மனைவியர் நோவை விழுங்கி உழைப்பதைப் பெருமையென்று எண்ணாதீர். உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, உங்கள் வீட்டிலும் இப்பேச்சு எழட்டும். கற்றோர் இல்லத்திலும் நாணம் உண்டு.

காலவரையறை கடந்த வழக்கை மன்று ஏற்பதில்லை. நோயாளியை வைத்தியசாலை எப்போதும் ஏற்கும். ஆயின் காலங்கடந்தபின் வெல்வது அரிது. இம்மாதமே தொடங்குங்கள்.