செத்த காலேஜும் எங்கள் அரிக்கமேடும்

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



மறக்க முடியாத ஒரு கல்லூரி நாளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆண்டுவிழா, ஸ்டிரைக் எல்லாவற்றையும் முன்னால் பேசியவர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது 1978ல் நாங்கள் மெட்ராஸுக்குப் போன ஒரு நாள் சுற்றுலாதான்.

விடியற்காலை நாலு மணிக்கு பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையெல்லாம் அப்போது ஏது? திண்டிவனம் வழியாகத்தான் போக வேண்டும். அரியாங்குப்பத்திலிருந்து நான் ஒருவன்தான். அம்மா கட்டிக் கொடுத்த புளிசோற்றுப் பொட்டலம் மடியில் இருந்தது. மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் பாதிப் பேர் அவரவர் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள்.

முதலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. அங்கே நிற்கிற கருங்கல் தூண்களைக் காட்டி எங்கள் சார் சொன்னார்: "இதெல்லாம் கொஞ்ச காலம் நம்ம ஊர்ல இருந்ததுடா." 1746ல் லபூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தபோது அந்தத் தூண்களைக் கப்பலேற்றி புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்களாம். 1749ல் ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள், தூண்களைக் கொடுக்கவில்லை. 1761ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்த பிறகுதான் அவை திரும்பிப் போயின. நாங்கள் உடனே கட்சி பிரிந்து, தூண் யாருக்குச் சொந்தம் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டோம்.

அடுத்தது எழும்பூர் மியூசியம். பட்டணத்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். "நாம எந்தக் காலேஜ்?" என்று ஒருவன் கேட்டதற்கு சாரே சிரித்துவிட்டார். திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால்தான் எங்கள் கூட்டம் அதிக நேரம் நின்றது. திருவாலங்காட்டு நடராஜரையும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் ஓட்டமாகப் பார்த்தோம். பிற்பாடு அந்த அர்த்தநாரியைப் பார்ப்பதற்கென்றே மூன்று தடவை போயிருக்கிறேன். இருபது வயதில் கண் அவ்வளவுதான்.

பொட்டலங்களை முடித்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்திருக்கும்போது சார் கேட்டார்: "இந்த மியூசியத்துக்கும் உன் ஊருக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?" நான் விழித்தேன்.

அவர் சொன்ன கதை இது. 1944ல் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் இதே மியூசியத்துக்கு வந்தார். ஒரு அலமாரியைத் திறந்தபோது இரண்டு கைப்பிடி வைத்த ஜாடியின் கழுத்து ஒன்று கையில் கிடைத்தது. மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மது ஊற்றி அனுப்புகிற ஜாடி அது. எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடு என்றார்கள். உடனே ரயிலேறிப் புதுச்சேரிக்கு வந்தார். 1945ல் வந்து தோண்டினார்.

தோண்டியதில் இத்தாலி நாட்டுச் சிவப்புப் பாத்திரச் சில்லுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்பது அங்கே ஏற்கெனவே தெரிந்த விஷயம். அதே மண்ணடுக்கில் நம் ஊர்ப் பாத்திரங்களும் கிடந்ததால் அவற்றுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அதுவரை தென்னிந்தியாவில் பழைய பானைக்கு வயது சொல்லப் பிடிமானமே கிடையாது. எங்கள் ஆற்றங்கரையில்தான் அது கிடைத்தது.

"அதனாலதான் சொல்றேன், மேல கிடக்குதேன்னு ஒரு பொருளை எடுத்துட்டா அது வெறும் பொருள்தான். எந்த ஆழத்துல, எதோட சேர்ந்து கிடந்துச்சுன்றதுதான் சரித்திரம்" என்றார் சார்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அது அம்மா கட்டிக் கொடுத்த புளிசோறு இல்லை.

விஷயம் இதுதான். சின்ன வயதில் மழை விட்டதும் நானும் அக்காவும் காக்கையன்தோப்பு வழியாக அரிக்கமேட்டு மாந்தோப்புக்கு ஓடுவோம். மண் கரைந்து மணிகள் பளிச்சென்று தெரியும். கடுகு மாதிரி சிவப்பு, பச்சை, மஞ்சள் கண்ணாடி மணிகள். ஈராயிரம் வருஷத்துக்கு முன்பு அங்கேயே கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, நறுக்கிச் செய்தவை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பொறுக்குவோம், கோர்ப்போம், பல்லாங்குழிக்கு வைத்துக்கொள்வோம், முறுக்குக்கு மாற்றியும் இருக்கிறோம். 1937 வாக்கிலேயே ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கல் மணிகளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அங்கே கிடைத்த ஒரு கல்லில் செதுக்கியிருந்த முகம் அகஸ்டஸ் சீசருடையது என்பது அவருடைய கணிப்பு. அப்படிப் பார்த்தால் பரம்பரைத் தொழில்தான்.

சாயங்காலம் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி. அங்கே இட்லி சாம்பாரில் மிதக்கும். கேட்காமலே வந்து ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் நாலு, ஆறு என்று உள்ளே தள்ளினார்கள். எனக்கு இரண்டோடு சரி. மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு சார் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் ஒரு டப்பா மணி இருப்பதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எங்கே எடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா? இருந்தா எழுதி வை" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே அக்காவைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். இடிந்த மிஷன் கட்டடத்திலிருந்து எத்தனை அடி, ஆற்றோரமா மேட்டுப்பக்கமா என்று இரண்டு பேரும் சண்டை போட்டு ஒரு நோட்டில் படம் போட்டோம். பாதி உத்தேசம்தான். ஆனாலும் போட்டோம். 1989ல் விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்ட வந்தபோது அந்த நோட்டோடு போய்க் காட்டலாமா என்று நினைத்தேன். கூச்சம், போகவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

டப்பாவில் இப்போது 143 மணிகள் இருக்கின்றன. புதுச்சேரி மியூசியத்தில் சேர்த்துவிடலாம் என்று நான் சொல்கிறேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அம்மா கோர்த்துக் கொடுத்ததுடா" என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல? சரித்திரம் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். எண்ணி, நிறம் பிரித்து, நோட்டைப் பார்த்து ஒரு பட்டியலாவது போட்டு வைப்போம். அக்கா காபி கொடுப்பாள். நீல மணியை மட்டும் கையில் தரமாட்டாள், தூரத்தில் வைத்துத்தான் காட்டுவாள்.