வேலைமுறையும் கிளைவழியும்

ஒரு வேலையை ஒழுங்குற எழுதிவைக்க முற்படுபவர், முதலில் இது, பின்னர் அது என வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுவது வழக்கம். ஆயின், காரியாலய வேலை என்றும் நேர்வழியே செல்வதில்லை. இவ்வாறாயின் இவ்வழி, அன்றேல் அவ்வழி எனப் பிரியும் இடங்கள் பல உண்டு. பழகிய இலிகிதர் அவற்றைத் தம் மனத்திலேயே வைத்திருப்பார். ஏட்டில் எழுதுவது அரிது.

அவ்விலிகிதரின் வேலை இயந்திரத்திடம் சென்றபோது இக்குறை வெளிப்பட்டது. இலண்டனில் தேநீர்ச்சாலைகளை நடத்திய லயன்ஸ் கம்பனி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணனியைத் தழுவி லியோ என்னும் கணனியை அமைத்தது. 1951இல் வெதுப்பகப் பொருள்களின் பெறுமதிக் கணக்கும், 1954இல் ஊழியரின் சம்பளக் கணக்கும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன.

சம்பளத்தில் வருமான வரி பிடிக்கும் முறையை நோக்குவோம். பிரித்தானியாவில் 1944இல் நடைமுறைக்கு வந்த திட்டப்படி, வரியாண்டின் தொடக்கம் முதல் அவ்வாரம்வரை ஒருவர் செலுத்தவேண்டிய மொத்த வரியிலிருந்து, அவர் ஏற்கெனவே செலுத்திய தொகையைக் கழிப்பர். மிச்சம் இருப்பின் அதனைச் சம்பளத்திற் பிடிப்பர். நோயுற்றுச் சில வாரம் ஊதியமின்றி இருந்தவருக்கோ விடை கழித்தற்குறியுடன் வரலாம். அப்போது பணம் அவருக்கே திரும்புதல் வேண்டும். மனிதர் பார்த்த மாத்திரத்தில் உணரும் இவ்வேறுபாட்டை, விடையின் குறியைச் சோதிக்கும் கட்டளையாகக் கணனிக்கு எழுதவேண்டும். விடை பூச்சியமாயின் எவ்வழி? எட்சாக் கணனியின் கட்டளைகளில் அதற்கும் இடம் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. பூச்சியம் கூட்டற்குறி எண்களோடு சேர்ந்தது.

இன்று வேலைமுறைகளை வரைய பி.பி.எம்.என். என்னும் குறியீட்டு முறை வழங்குகிறது. 2013இல் அது சர்வதேச நியமமாயிற்று. அதில் வழி பிரியும் இடத்தைச் சாய்சதுரம் காட்டும். ஒவ்வொரு கிளைக்கும் அதற்குரிய நிபந்தனை எழுதப்படும். எந்த நிபந்தனையும் பொருந்தாவிடிற் செல்லவேண்டிய வழியைச் சிறு சாய்கோட்டினாற் குறிப்பர். அவ்வழியை வரைய மறந்தால், பொருந்தாத ஒருவர் வந்தவுடன் வேலை அவ்விடத்திலேயே தவறென நின்றுவிடும்.

அவ்வாறு நிற்கும்போது, நோயிலிருந்து மீண்ட ஓர் ஊழியரின் சம்பள உறையும் உடன் நின்றுவிடுகிறது. பெரும்பாலோருக்குரிய நேர்வழியை வகுத்தல் எளிது. அவ்வழியில் அடங்காதவர் யாவர் எனக் கேட்டு, அவருக்கும் ஒரு கோடு வரைந்த பின்னரே வேலைமுறை நிறைவுபெறும்.