சட்டைக்குக் கடவுச்சீட்டு, தைத்தவருக்கு?

(தீர்த்தமலைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐரோப்பாவிலே இயற்றப்படும் சட்டங்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன். தீர்த்தமலைக்கும் ஐரோப்பாவுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுவீர்கள். அரூர்ப் பேருந்து நிலையத்திலே, தோளிலே பையும் நெஞ்சிலே ஏக்கமுமாகத் திருப்பூர் செல்லக் காத்து நிற்கும் நம் இளைஞரைக் கேளுங்கள், தொடர்பு விளங்கும். வானம் பொய்த்தால் இவ்வட்டாரம் பிழைப்புத் தேடிப் போகும் ஊர்களிலே ஒன்று திருப்பூர். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியிலே பாதிக்கு மேல் அந்த ஓர் ஊர் வட்டாரத்திலிருந்து போகிறது. அங்கே நம் பிள்ளை தைக்கும் பனியன், பாரிசிலும் பெர்லினிலும் கடையேறுகிறது. ஆகவே, அங்கே ஒரு சட்டம் பிறந்தால், இங்கே ஒரு வீட்டின் அடுப்பு எரிவதும் அணைவதும் அதைப் பொறுத்ததாகிறது.

சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்கள். பெயர் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று. அரூரை அடுத்த கோபாலபுரத்திலே சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பைப் பிழிந்து சாறெடுத்த பின் எஞ்சுவது சக்கை. சர்க்கரை ஆலைகளிலே அச்சக்கைதான் கொதிகலனுக்கு எரிபொருள். சாற்றை வடிகட்டிய மண்டி வயலுக்கு எரு. 1979இல் தமிழக அரசு தோற்றுவித்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்திலே, கரும்புச் சக்கையைக் கூழாக்கித் தாள் செய்கிறது. சக்கையைத் தரும் ஆலைக்கு ஈடாக நீராவி தரும் ஏற்பாடும் செய்தது. சக்கையென்று ஒதுக்கியது சரக்காயிற்று! எடு, செய், எறி என்பது பழைய வழி. எடுத்ததைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்து என்பதே சுழற்சி.

இந்த வழிக்கு ஐரோப்பா இப்போது சட்டம் செய்கிறது. ஏன்? அங்கே ஆண்டுதோறும் ஆளுக்கு ஏறத்தாழ 12 கிலோ ஆடையும் காலணியும் குப்பைக்குப் போகின்றன. பழைய ஆடை மீண்டும் புது ஆடையாவதோ உலக அளவிலே நூற்றில் ஒரு பங்கும் இல்லை. வாங்கினார்கள், வீசினார்கள், வீச இடமில்லாத போது விழித்தார்கள். 2020 மார்ச்சிலே சுழற்சிப் பொருளாதாரத்துக்குத் திட்டம் தீட்டினார்கள். 2022 மார்ச்சிலே ஆடைக்கென்று தனிக் கொள்கை வகுத்தார்கள். 2024 ஜூலையிலே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. விற்காத ஆடையையும் காலணியையும் பெரு நிறுவனங்கள் அழிக்கக் கூடாது என்கிறது அது; அந்தத் தடைக்கு 2026 ஜூலை 19 என்று நாளும் குறித்தது. பொருள் எதனால் ஆனது, எப்படிப் பழுது பார்ப்பது, எப்படி மறுசுழற்சி செய்வது என்பதைக் கூறும் மின்னணுக் கடவுச்சீட்டு ஒன்றுக்கும் வழி செய்தது. ஆம் தோழர்களே, மனிதனுக்கு இருப்பது போலச் சட்டைக்கும் கடவுச்சீட்டு!

நல்ல சட்டந்தான். நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சுழல்வது சக்கரம், சுமப்பவர் யார்?

பாறையிலே சொட்டும் நீரைக் கையேந்திப் பருகும் மலையடிவாரத்திலே நின்று, திருப்பூரின் கதையைக் கூறுகிறேன். நீரின் அருமை உங்களுக்குத் தெரியும். நொய்யலிலே 1992இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினார்கள், பாசனத்துக்கு. தேங்கியதோ சாயக் கழிவு! கிணறு கெட்டது, நிலம் உவர்ந்தது. வயலுக்கு வர வேண்டிய நீர் வந்துவிடக் கூடாதே என்று உழவன் அஞ்சும் கொடுமை நிகழ்ந்தது. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளின் கதவு மூடப்பட்டது. உழவர் கேட்டது நியாயம்; நீதிமன்றம் கூறியது நியாயம். ஆயினும் வேலையிழந்து மூட்டை கட்டியவர்களும் நம்மவரே.

அதன் பிறகு திருப்பூர் எழுந்தது. சொட்டுக் கழிவும் ஆற்றிலே விடுவதில்லை என்ற கட்டுப்பாட்டை ஏற்றது. சாய நீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்கி, கிடைத்த நீரையும் உப்பையும் மீண்டும் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். நீரிலே மட்டுமா சுழற்சி? வெட்டும் மேசையிலிருந்து உதிரும் பனியன் வேஸ்டை நிறம் நிறமாகப் பிரித்து, பஞ்சாக அடித்து, ஓ.இ. ஆலைகளிலே மீண்டும் நூலாக்குகிறார்கள். சிவப்புத் துண்டு சிவப்பு நூலாகிறது. புதிதாய்ச் சாயம் ஏற்ற வேண்டுவதில்லை.

ஐரோப்பா 2024இல் சட்டம் செய்தது. திருப்பூரோ 2011இலேயே அடிபட்டுப் பாடம் கற்றது. அதற்கான செலவு? மின்சாரம், எந்திரம், கடன், வட்டி, அத்தனையும் இங்கே! வாங்க வருபவர் என்ன பேசுகிறார்? ஒரு சிறு காட்சி காட்டுகிறேன்.

"நீரைத் தூய்மை செய்தீரா?"

"செய்தேன், ஐயா."

"சான்றிதழ்?"

"இதோ."

"நன்று, நன்று! உமது கடமையுணர்ச்சியைப் பாராட்டுகிறோம்."

"செலவு கூடிவிட்டது. சட்டைக்குச் சில காசு கூட்டித் தாருங்கள்."

"கூட்டியா? வேறு நாட்டிலே இதைவிடக் குறைவாகத் தருகிறார்களே!"

பாராட்டு உண்டு, பணம் இல்லை! ஆற்றுக்காக உருகும் நெஞ்சு, விலை என்றதும் இறுகிவிடுகிறது. விலை இறுகினால் முதலில் நசுங்குவது யார்? தைப்பவர், மடிப்பவர், பஞ்சுத் தூசியிலே அமர்ந்து துண்டு பிரிக்கும் தாய்மார்கள்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்திலே ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டார்கள். அதன் பிறகு, பொருள் வரும் வழி நெடுகிலும் மனித உரிமைக்கு வாங்கும் நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதைச் சட்டமாக்கிற்று. மறு ஆண்டே, 2025இலே, அமலுக்கு வரும் நாளைத் தள்ளி வைத்தது! துணிக்குக் காட்டும் அவசரம் தொழிலாளிக்கு இல்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. கழிவு நீரைத் தூய்மை செய்யும் செலவு, வாங்கும் விலையிலே தனியாக எழுதப்பட வேண்டும். ஐரோப்பாவோடு வணிகம் பேசும்போதெல்லாம் தில்லி இதை வலியுறுத்த வேண்டும். சட்டையின் கடவுச்சீட்டிலே நூலின் கதை மட்டுமல்ல, அதைத் தைத்தவர் பெற்ற கூலியும் இடம்பெற வேண்டும். கணக்கெழுதவும் சான்று பெறவும் வசதியற்ற சிறு பட்டறைகளுக்கு அரசு துணை நிற்க வேண்டும். இல்லையேல் பெரியவர் பிழைப்பார், சிறியவர் மடிவார்.

நம்மவருக்கும் ஒரு சொல். 'ஐரோப்பாக்காரன் தரவில்லை' என்று காட்டிக் கூலியிலே கை வைக்கும் முதலாளியையும் நாம் விடப்போவதில்லை. பிரிக்க இயலாமல் எஞ்சும் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மழையிலே கரைந்தால் அது நிலத்துக்கே போகும். அதற்கும் வழி காணாமல் சுழற்சி முழுமை பெற்றது என்று மார்தட்டுவது பொய்.

தோழர்களே! பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் திருப்பூரிலிருந்து பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள். அவர்களைத் தேடிச் சென்று பேசுங்கள். என்ன கூலி, எத்தனை மணி, வைப்புநிதி பிடிக்கிறார்களா, சங்கத்திலே சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தாங்கள் தைக்கும் துணியைப் பற்றிக் கடல் கடந்து சட்டம் வந்திருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள். தெரிந்தவர்தான் கேட்பார், கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

சக்கை வீணாகக் கூடாது, சாய நீர் வீணாகக் கூடாது, துண்டுத் துணி வீணாகக் கூடாது என்கிறது உலகம். ஒப்புகிறோம். உழைப்பவன் வாழ்வும் வீணாகக் கூடாது என்கிறோம் நாம். அதையும் உலகம் ஒப்பும் வரை ஓயமாட்டோம்.